முதல் வரிசையில் ஆயில் இன்ஜின்

தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. கடலூர்ப் பக்கமும் புதுவையின் சோரியாங்குப்பம் பக்கமும் ஆற்று மணலில் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். கரும்புக் கட்டும் சிறுவள்ளிக்கிழங்கும் குவிந்து கிடக்கும். ராட்டினம் சுற்றும். அந்த மணலில் ஒரு மூலையை ஒதுக்கி, வட்டாரத்தின் பழைய டிராக்டர்களையும் விவசாய இயந்திரங்களையும் ஜனங்கள் பார்க்க நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எதை நிறுத்துவது?

இங்கிலாந்தில் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். கோடைக் காலத்தில் ஏதாவது ஒரு கிராமத்து மைதானத்தில் இப்படியொரு கண்காட்சி நடக்காத வார இறுதி அங்கே அபூர்வம். முன்வரிசை நீராவி இன்ஜினுக்கு. அதன் பின்னே கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்த டிராக்டர்கள். வேலியோரத்தில் பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சின்னச் சின்ன ஆயில் இன்ஜின்கள் ஒரு தொட்டித் தண்ணீரை எடுத்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கும். அது அவர்கள் நாட்டு விவசாயம் நடந்துவந்த வரிசை. நாம் அதை அப்படியே எடுத்துவைத்தால் கதை தப்பிவிடும். கடலூர், புதுவைப் பக்கத்தில் ஆயில் இன்ஜின்தான் முன்னால் நிற்க வேண்டும், டிராக்டருக்கு இரண்டாம் வரிசைதான் என்பேன். இங்கே இயந்திரம் ஏரைத் தேடி வருவதற்கு வெகுகாலம் முன்பே கிணற்றைத் தேடி வந்துவிட்டது.

அவர்கள் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஃபௌலர் என்பவர் நீராவியால் உழும் முறையை ஒரு தொழிலாக்கினார். பல டன் எடையுள்ள இன்ஜினை வயலுக்குள் இறக்க முடியாது, புதைந்துவிடும். ஆகவே வயலின் இரண்டு கரையிலும் இன்ஜினை நிறுத்தி, நடுவே கம்பி வடம் கட்டி, கலப்பையை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக இழுத்தார்கள். டிராக்டர் வந்ததும் இந்த ராட்சதர்களெல்லாம் பழைய இரும்புக்குப் போகத் தொடங்கின. 1950-ல் ஆப்பிள்ஃபோர்டு என்ற ஊரில் ஆர்தர் நாப்பர் என்ற விவசாயி, தன் நீராவி இன்ஜினை இன்னொருவருடைய இன்ஜினோடு ஒரு பீப்பாய் பியருக்குப் பந்தயம் ஓட்டினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருகியது. நாடு முழுக்க இன்று நடக்கும் பழைய இயந்திரக் கண்காட்சிகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அரசு உத்தரவு போட்டு எதையும் காப்பாற்றவில்லை. பியர்ப் பீப்பாய் காப்பாற்றியது.

அந்த ஊரில் மழை தன்பாட்டுக்குப் பெய்யும். விவசாயியின் பெரும்பாடு உழவு. நம் பக்கம் அப்படியா?

கவலை ஓட்டிய மாடு

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வீராணம், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி பாயும் ஊர்கள், புதுவையில் பாகூர் ஏரி பாயும் ஊர்கள், இவை போன்ற பாசன ஊர்கள் போக மீதியில் பல இடங்களுக்குக் கிணறுதான் கதி. நெல்லிக்குப்பத்துக் கரும்பும் பண்ருட்டிப் பக்கத்துக் கடலையும் குறிஞ்சிப்பாடிக் கேழ்வரகும் கிணற்றைப் பார்த்துத்தான் நின்றன. உழவு ஆண்டுக்குச் சில நாள் வேலை. தண்ணீர் இறைப்பது பயிர் நிலத்தில் நிற்கிற நாளெல்லாம் வேலை. உழவு மாட்டை வருத்தியதைவிடக் கவலை என்ற இறைப்புதான் மாட்டை அதிகம் வருத்தியது.

கவலையைப் பார்த்திராத தலைமுறைக்காக: கிணற்று விளிம்பில் இரண்டு கால் நட்டு, மேலே ஓர் உருளை. உருளையில் ஓடும் தடித்த வடத்தின் ஒரு முனையில் இரும்புச் சால், மறுமுனையில் மாட்டின் நுகத்தடி. சாலின் அடியில் தோலால் செய்த நீண்ட வால், அதைத் தும்பி என்பார்கள். அந்த வாலுக்குத் தனியாக ஒரு மெல்லிய கயிறு. மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். மேலே வந்ததும் வால்கயிறு வாலைத் தொட்டிப் பக்கம் இழுத்து நீட்டிவிடும், தண்ணீர் தானாகக் கொட்டும். யாரும் கையால் சாய்க்க வேண்டியதில்லை. சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் எடையும் மாட்டுக்கு உதவும். பிறகு மாடு பின்னோக்கி நடந்தே மேலேற வேண்டும். இதற்கு மாட்டைப் பழக்குவது தனிக் கலை. விடியலுக்கு முன் பூட்டினால் வெயில் ஏறும்வரை இந்த நடைதான்.

இதில் எவ்வளவு தண்ணீர் கிடைத்திருக்கும்? ஒரு குதிரைத்திறன் என்பது ஒரு நொடியில் 75 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை. ஒரு ஜோடி உழவு மாடு தொடர்ந்து தரக்கூடிய சக்தி ஏறக்குறைய இந்த ஒரு குதிரைத்திறன்தான். கிணற்றில் தண்ணீர் 10 மீட்டர் ஆழத்தில் கிடந்தால், கணக்குப்படி நொடிக்கு ஏழரை லிட்டர். உராய்விலும் பின்நடையிலும் பாதி போய்விட்டது என்று வைத்தால் நான்கு லிட்டருக்கும் கீழே. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமானால் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒரு ஜோடி மாடு 14, 15 மணி நேரம் நடக்க வேண்டும், அதைப் பகலும் வெயிலும் பார்த்து இரண்டு நாளாகப் பிரித்துத்தான் ஓட்ட முடியும். அதே கிணற்றில் 5 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று, அதுவும் பாதி சக்தியை வீணடித்துக்கொண்டே ஓடினாலும், மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும்.

இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உழவில் இயந்திரத்துக்கு மாறினால் சில நாள் மிச்சம். இறைப்பில் மாறினால் ஒரு குடும்பத்தின் அன்றாடமே மாறிப்போகும்.

குமிழைக் காய்ச்சிய காலம்

சென்னை மாகாணத்தில் இதை முதலில் கணக்குப் போட்டுச் செய்து பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக வந்து, பிறகு மாகாணத்தின் தொழில்துறையை நடத்தியவர். நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் புழங்கியதற்கும், சென்னையில் குரோம் தோல் பதனிடல் வந்ததற்கும் காரணமான அதே மனிதர். 1900-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் அவர் ஆயில் இன்ஜினையும் சென்ட்ரிஃபியூகல் பம்பையும் கிணறுகளில் பூட்டி, மாட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிணறு தண்ணீர் தாங்கினால் இன்ஜின் லாபம் என்று கண்டார். அரசே ஆள் அனுப்பி நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் பார்த்துக் கொடுக்கவும் ஏற்பாடானது.

அந்தத் தலைமுறை இன்ஜின்களுக்கு இன்றைய டீசல் இன்ஜின் போல ஒரே சுற்றில் கிளம்பத் தெரியாது. தலைப் பகுதியில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். கிளப்புவதற்கு முன் அதை ஊதுவிளக்கால் பத்துப் பதினைந்து நிமிடம் காய்ச்ச வேண்டும். குமிழ் சூடேறியதும் உள்ளே பீச்சுகிற எண்ணெய் ஆவியாகித் தீப்பற்றும், சக்கரம் சுழலத் தொடங்கும். ஓட ஆரம்பித்தபின் தன் சூட்டிலேயே குமிழ் காய்ந்து நிற்கும், விளக்கை எடுத்துவிடலாம். மண்ணெண்ணெயோ அதைவிட மட்டமான கெட்டி எண்ணெயோ எதுவானாலும் குடிக்கும். இங்கிலாந்தில் கிரான்தம் என்ற ஊரில் ஹார்ன்ஸ்பி கம்பெனி 1892 முதல் செய்த ஆக்ராய்டு இன்ஜின்கள் இந்த வகைக்கு முன்னோடி. அந்தக் கம்பெனி 1918-ல் ரஸ்டனோடு சேர்ந்தது. பழைய இன்ஜின் மேல் 'ரஸ்டன் ஹார்ன்ஸ்பி' என்ற பித்தளைத் தகட்டை எங்காவது பார்த்தால் அது இந்தக் குடும்பம்.

அடுத்து வந்தது லிஸ்டர். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் 1930 வாக்கில் உருவான ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 600 சுற்று, 5 குதிரைத்திறன். இருபுறமும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம். இன்றைய இன்ஜின்கள் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுழலும். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு, திறந்து பார்த்தால் புரியாத பாகம் எதுவும் இல்லை. இதைப் பார்த்துப் பார்த்து ராஜ்கோட்டில் பட்டறை பட்டறையாகச் செய்யத் தொடங்கினார்கள். மூல இன்ஜினை இங்கிலாந்துக்காரர்களே கைவிட்ட பிறகும் ராஜ்கோட்டில் அது வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1903-ல் இரும்புக் கலப்பை செய்த கிர்லோஸ்கர் குடும்பமும் 1946-ல் புனேயில் டீசல் இன்ஜினுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியது.

இதைக் கிளப்புவதும் ஒரு வித்தை. மேலே உள்ள சின்ன லீவரைத் தூக்கிவிட்டால் சிலிண்டரில் அழுத்தம் இருக்காது, சக்கரம் லேசாகச் சுழலும். ஹேண்டிலைப் போட்டு வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட வேண்டும். 'டுப்' என்று முதல் சத்தம் வரும். கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தவர் கை, இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டில் போய்விடும். பம்பு தண்ணீர் பிடிக்காவிட்டால் சாணித் தண்ணீர் கரைத்து ஊற்றுவார்கள். சாணியில் உள்ள நார், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வின் சந்தை அடைத்து ஒழுகலை நிறுத்தும். எந்தக் கையேட்டிலும் எழுதாத, ஆனால் கச்சிதமான பொறியியல்.

பத்து மீட்டர் என்ற கோடு

இந்த இன்ஜினுக்கு இவ்வளவு பெருமை இருந்தும் அது ஏன் கிணற்றடியை விட்டுப் போனது? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது.

பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் கிணற்றுப் பக்கக் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே பம்பின் வேலை. கிணற்றுத் தண்ணீரின் மேல் வானத்துக் காற்று அழுத்துகிற அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் உயரம்வரைதான் தண்ணீரைத் தாங்கும். எவ்வளவு பெரிய பம்பைப் பூட்டினாலும் இதைத் தாண்டாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். தண்ணீர் மட்டம் அதற்கும் கீழே இறங்கினால் பம்பையே கிணற்றுக்குள் இறக்கியாக வேண்டும். நம் ஊர்ப் பழைய பெருங்கிணறுகளின் உட்சுவரில் மேடை கட்டியிருப்பது இதற்காகத்தான். அந்த மேடையில் டீசல் இன்ஜினை வைத்தால் புகை வெளியேற வழியில்லை. நச்சுப் புகையில் மூச்சடைத்து உள்ளே இறங்கியவர்கள் செத்தும் போயிருக்கிறார்கள். மோட்டாருக்குப் புகை இல்லை. எனவே மின்சாரம் வந்த ஊரில் இன்ஜின் தோற்றது. பிறகு கிணறே வற்றி, போர் போட்டு, மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைக்கும் சப்மெர்சிபிள் வந்தது. அந்த மோட்டார் கீழிருந்து தள்ளுகிறது, ஆகவே 10 மீட்டர்க் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு திருப்பம் இருக்கிறது. கடலூர், புதுவைப் பகுதியின் அடியில் மணற்பாறை அடுக்குகளில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. சரியான இடத்தில் துளை போட்டால் பம்பே இல்லாமல் பொங்கி மேலே வரும். 1930களில் நெய்வேலிப் பக்கம் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, பொங்கிவந்த தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956-ல் நெய்வேலியில் பொதுத்துறை நிறுவனம் உருவானது. 1962-ல் அங்கே அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் 1930களிலேயே தொடங்கிவைத்த மின் பம்புசெட்டு யுகத்துக்கு நெய்வேலி பெரிய தோள் கொடுத்தது. தண்ணீர் தேடிப் போட்ட துளையில் கிடைத்த கரி, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆயில் இன்ஜினை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கரி வெட்டுவதற்கோ, அடியில் இருக்கும் அந்த ஊற்றின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கிவிடும்.

1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990 வாக்கில் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. அதன்பிறகு டீசல் ஊற்றி இறைக்க யாருக்கு என்ன தலையெழுத்து? தமிழ்நாட்டில் இன்ஜினின் கதையை முடித்துவைத்தது இந்த ஆணைகள்தான். தண்ணீர் மட்டத்தின் கதையும் அதே இடத்திலிருந்து மோசமானது, கடலோர ஊர்களில் உப்பு ஏறுகிற அளவுக்கு. ஆனால் அது தனிக் கட்டுரை.

கிணற்றடியை விட்ட இன்ஜின் எங்கே போனது என்று பார்த்தால், செத்துப்போகவில்லை. வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும் நாளில் கலவை மெஷினின் பின்னால் 'டுப் டுப்' என்று ஓடுவது பெரும்பாலும் லிஸ்டர் வம்சத்து இன்ஜின்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் டயர் வண்டியில் ஏறி வாடகைக்கு வரும். கட்டுமரம் ஓட்டிய தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலும் இன்று ஃபைபர் படகுகளில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் பாடுகிறது, அது பிந்திய தலைமுறை வேகமான இன்ஜின் என்றாலும். வேலை இருக்கும்வரை எந்த இரும்பையும் நாம் ஓய்வுக்கு அனுப்புவதில்லை. பழைய இயந்திரம் இங்கே காட்சிப் பொருளாகாததற்கு அலட்சியத்தைவிட இந்தச் சிக்கனம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆலையும் கடலையும் ஹல்லரும்

இன்ஜினுக்கு அருகே நிறுத்த வேண்டிய மூன்று இரும்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, இரும்பு உருளைகள் நிமிர்ந்து நிற்கும் கரும்பு ஆலை. பிகாரில் பிகியா என்ற ஊரில் தாம்சன், மைல்ன் என்ற இருவர் 1870களில் செய்து பரப்பிய மாதிரி இது. மரத்தாலும் கல்லாலுமான பழைய ஆலைகளை இந்தியா முழுக்க ஓரங்கட்டியது. 1842-லேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையைக் கண்ட நெல்லிக்குப்பம் வட்டாரத்தில், ஆலைக்குப் போகாத கரும்பு இப்படிப்பட்ட உருளைகளில் பிழியப்பட்டு வெல்லமானது. இரண்டாவது, கடலை உடைக்கும் மெஷின். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்சேய் நகரத்துச் சோப்பு, எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகக் கடலை போனது. தோலோடு ஏற்றினால் கப்பலில் பாதி இடம் வீண். கையால் உடைக்கும்போது தோல் இளகத் தண்ணீர் தெளித்தார்கள், அந்த ஈரத்தில் பருப்பு பூசணம் பிடித்து வழியிலேயே கெட்டது. உலர்ந்த கடலையையே உடைக்கும் மெஷின் வந்ததும் பருப்பு கெடாமல் போய்ச் சேர்ந்தது. இந்தக் கடலைக் காசுதான் இந்த வட்டாரத்தில் பல கிணறுகளில் இன்ஜினாக மாறியது என்பது என் ஊகம். நெல் விவசாயியைவிடக் கடலை, கரும்பு போட்டவர் கையில்தான் ரொக்கம் புழங்கியது.

மூன்றாவது, ஊர் மில்லில் நெல் அரைத்த ஹல்லர். பிரேசிலில் ஏங்கல்பெர்க் என்பவர் 1885-ல் காப்பிக் கொட்டையையும் அரிசியையும் தீட்டச் செய்தது. நம் பெண்களின் தோளிலிருந்து உலக்கையை இறக்கிவைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கண்காட்சியில் இதை மட்டும் எண்ணெய் போட்டு ஓடும் நிலையில் வைத்தால், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேரும் அங்கே நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் வரிசை

இப்போது டிராக்டர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்துக் கண்காட்சிகளில் குழந்தைகள் முதல் கிழவர்வரை ஓடிப்போய்ப் படம் எடுக்கும் டிராக்டரின் நேரடி வாரிசு, இப்போதும் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு ஏற்றிக்கொண்டு நம் பஸ்ஸை மறித்து நிற்கிறது.

வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் 1920களில் கண்ட ஒரு தீர்வில் தொடங்குகிறது இது. அதுவரை கலப்பையைச் சங்கிலி போட்டு டிராக்டரின் பின்னால் இழுத்தார்கள். கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் குதிரை போல எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். பலர் இப்படி இறந்தார்கள். ஃபெர்குசன் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகளால் கலப்பையை டிராக்டரோடு பிணைத்தார். மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்க இழுக்க, மேல்கை முன்னோக்கித் தள்ளும், முன்பக்கம் எழும்பாது. கலப்பையின் இழுவை பின்சக்கரங்களின் மேல் எடையாக இறங்கி அவற்றைத் தரையில் அழுத்தும். இதனால் எடை குறைந்த டிராக்டரே ஆழ உழ முடிந்தது. இன்று உலகில் எந்தக் கம்பெனி டிராக்டரை வாங்கினாலும் பின்னால் இந்த மூன்று கைகள்தான். 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில்லாமல் கை குலுக்கி ஒப்பந்தம் செய்தார். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து, வழக்காகி, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது.

ஃபெர்குசன் பெயரில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் உருவான சாம்பல் நிற டிஇ-20 தான் அங்கே எல்லோருக்கும் செல்லம். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்கு ஓட்டிப் போனதும் இதைத்தான். அதன் வாரிசு 35 என்ற மாடல். பிறகு கம்பெனி மேஸ்ஸி ஃபெர்குசன் ஆனது. 1960-ல் சென்னையில் டாஃபே அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து செம்பியத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி அதற்கு மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் கொடுத்தது. அந்த வழியில் வந்த 1035 மாடல் நம் ஊரில் இன்றும் புதிதாகவே விற்கிறது. சிவப்பு பானெட், இரும்புத் தட்டுச் சீட்டு, சின்க்ரோ இல்லாத கியர் உள்ள பழைய 1035-க்கும் இங்கிலாந்தில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் 35-க்கும் தோற்றத்தில் பெரிய தூரமில்லை.

மற்றவற்றையும் நிறுத்தலாம். ஃபரிதாபாத்தில் 1959-ல் வெளிவந்த ஐஷர்தான் இந்தியாவிலேயே உருவான முதல் டிராக்டர் வரிசை. அதன் காற்றுக் குளிர்ச்சி ஒற்றை சிலிண்டர் மாடல் கிளம்பினால் ஆயில் இன்ஜின் சத்தமே வரும். 1963-ல் மகிந்திரா இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் பி-275, 1971-ல் செக்கோஸ்லோவாக்கிய ஜீட்டர் வடிவத்தில் எச்எம்டி, 1974-ல் வெளிநாட்டு உதவியில்லாமல் துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்வராஜ். பெங்களூரிலிருந்து வந்த மிட்சுபிஷி வகைப் பவர் டில்லர் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

ஏனென்றால் நம் வயலில் டிராக்டருக்கு மரியாதை கிடைக்க நாளானது. பண்ருட்டிச் செம்மண்ணில் கொக்கிக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் பிரச்சினையில்லாமல் ஓடின. காட்டுமன்னார்கோயில், பாகூர்க் களிமண்ணில் சேறடிக்க இறங்கினால் டயர் வழுக்கிப் புதைந்தது. டயருக்கு வெளியே இரும்புக் கேஜ் வீல் பூட்டிய பிறகுதான் நஞ்சைக்குள் நடமாட முடிந்தது. பிறகு சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் வந்து உழவையும் சேறடிப்பையும் ஒன்றாக்கியது. அதுவரை பல டிராக்டர்கள் வயலில் சம்பாதித்ததைவிட டிரெய்லர் கட்டிச் சாலையில் சம்பாதித்ததுதான் அதிகம். கரும்பு, செங்கல், மணல், கல்யாண வீட்டு ஆட்கள். பழைய டிராக்டர் ஒன்றைக் காட்சிக்கு வைத்தால் அதன் பின்னால் ஓர் உழவுக் கலப்பையை மட்டும் மாட்டி வைப்பது பாதிக் கதைதான், டிரெய்லரையும் கட்ட வேண்டும்.

புதுவையில் வேளாண் துறை ஆண்டுதோறும் நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சியிலும் கடலூர் மாவட்ட விவசாயக் கண்காட்சிகளிலும் இயந்திரங்களைப் பார்க்கலாம், எல்லாம் ஷோரூமிலிருந்து நேரே வந்தவை. விற்பதற்கு அது சரி. பழையதைப் பார்க்க இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே வண்டிச் சக்கரம் சுவரில் தொங்குகிறது, கவலைச் சாலில் குரோட்டன்ஸ் வளர்கிறது. வேலை செய்து காட்டாத இயந்திரத்தை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கவலைக்கு மாடு பழக்கக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கொட்டகையில் பழைய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிஸ்டன் இறுகிப் போயிருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். பித்தளைத் தகட்டின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. எண், சுற்று வேகம், குதிரைத்திறன் எல்லாம் அதில்தான் இருக்கும். ஓடவிட்டுக் காட்டும்போது பெல்ட்டையும் சக்கரத்தையும் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும். சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் மாட்டினால் அந்தச் சக்கரம் நிற்காது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருந்தால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி. ஆனால் அந்த விதி இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும். டிராக்டர் அதில் இல்லை. பிரிட்டனில் 40 வயதான டிராக்டருக்குச் சாலை வரியே கிடையாது. இங்கே அதே வயதான டிராக்டரை வேலை செய்கிற வண்டியாகப் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கலாம், அல்லது உடைக்கக் கொடுக்கலாம், மூன்றாவதாக ஒரு வழியைச் சட்டம் சொல்லவில்லை. கடலூரின் டிஎன் 31-ல் இருந்து புதுவையின் பிஒய் 01-க்கு ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் நிரந்தரமாக வைக்க நினைத்தால் தடையில்லாச் சான்று வேறு.

ஆயில் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதற்கு ஆர்சி புக்கே கிடையாது. ஒரு டயர் வண்டி, தூக்க ஆறு பேர், ஐந்து லிட்டர் டீசல், பம்பு மூழ்க ஆற்று மணலில் ஒரு ஊற்றுக்குழி இருந்தால் அடுத்த தை ஐந்துக்கே ஓட்டிக் காட்டிவிடலாம்.